ஆள் தேவைப்படும் மரம்

டோஹா
14.01.2023

அன்புள்ள நஸீறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கே நான் சுகம். முதுகு மட்டும் குனிந்தால் நிமிர யோசிக்கிறது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கத் தொழுகையில் கேட்டுக்கொள்கிறேன்.

நீ கடிதம் எழுதச் சொன்னபோது சிரிப்பு வந்தது. வட்ஸ்அப் இருக்கிற காலத்தில் கடிதமா என்று என்னோடு அறையில் இருக்கிற ஜிப்ரியும் சிரித்தான். யோசித்துப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. வீடியோ கோல் எடுத்தால் போன் மகளிடம் போகிறது, மருமகனிடம் போகிறது, பக்கத்து வீட்டு ஸஹீதாகூட வந்து சலாம் சொல்லிவிட்டுப் போகிறாள். கடைசியில் உன் கைக்கு வரும்போது, "ஓம், சுகந்தான், சாப்பிட்டீங்களா?" என்பதோடு முடிந்துவிடுகிறது. நாம் இருவரும் தனியாகப் பேசினாலோ ஐந்தாவது நிமிடம் சண்டை. கடிதத்தில் என்றால் ஒருவர் பேச்சை மற்றவர் வெட்ட முடியாது. ஜிப்ரி லீவில் ஊருக்கு வருகிறான். இதை அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

மகள் ஸுஹைனாவுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு, நீ பின்னால் ஆற்றுப் பக்கத்துச் சின்ன வீட்டுக்கு மாறியதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பின்னேர வெயில் ஆற்றுக்கு மேலால் வந்து நேரே வாசலுக்குள் அடிக்கிறது என்று மகள் சொன்னாள். அங்கே ஒரு நிழல் மரம் கட்டாயம் வேண்டும். பத்தொன்பது வருடமாக இந்த ஊர்ப் பூங்காவில் மரம் வளர்க்கிறவனின் மனைவி வெயிலில் இருப்பது எனக்குத்தான் வெட்கம்.

வேம்பா, நிழல்வாகையா என்று ஒரு கிழமையாக மனத்துக்குள் பட்டிமன்றம் நடத்திப் பார்த்தேன். நிழல்வாகை ஐந்தாறு வருடத்தில் குடை மாதிரி விரிந்துவிடும். ஆனால் அவசரமாக வளர்கிற மரம், கொப்பு உறுதி கிடையாது. வேர் மேலாலேயே ஓடிச் சீமெந்து நிலத்தைக் கிளப்பும். காய் விழுந்து காலில் ஒட்டும். வேம்பு அப்படியில்லை. முதல் வருடம் இருந்த இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும், நிழல் தரப் பத்து வருடமும் ஆகலாம். ஆனால் வேர் ஆழமாகப் போகும், காற்றுக்கு அசையாது, பூச்சி நெருங்காது. முதல் கோடைக்கு இரண்டு நாளைக்கு ஒரு வாளி தண்ணீர், அவ்வளவுதான். பிறகு யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, தன்பாட்டில் நிற்கும். ஆகவே உன் வளவில் வேம்பே வை. வாசலிலிருந்து இருபது அடி, ஆற்றுப் பக்கமாக. கீழே படம் போட்டிருக்கிறேன்.

ஓகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

துஆவுடன்,
மஜீட்


காத்தான்குடி
06.02.2023

அன்புள்ள மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதமும் பேரீச்சம்பழமும் கிடைத்தன. பழம் அன்றைக்கே முடிந்தது. கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மரத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம், என்னைப் பற்றி ஒரு வரி. "உன் உடம்பைப் பார்த்துக்கொள்." நான் பார்த்துக்கொள்ளாமல் வேறு யார் பார்ப்பது?

உங்கள் படத்தை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினேன். இருபது அடியை அளந்து பார்த்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன். மச்சான், நீங்கள் லீவில் வந்ததெல்லாம் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில். அங்கே குளிர்காலம்தான் கன்று நடுகிற காலம், அப்போது லீவு தரமாட்டார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் பத்தொன்பது வருடமாக நீங்கள் இந்த ஊரில் ஒரு மாரி மழை பார்த்ததில்லை. போன டிசம்பரில் ஆறு ஏறி, சின்ன வீட்டுப் படிவரைக்கும் வந்து ஒன்பது நாள் நின்றது. நீங்கள் வேம்பு வைக்கச் சொன்ன இடத்தில் முழங்கால் தண்ணீர். தவளைச் சத்தத்தில் நித்திரை இல்லை. வேம்புக்கு ஈரம் நின்றால் வேர் அழுகும் என்பது எனக்கே தெரியும். பாலைவனத்தில் இருந்துகொண்டு ஆற்றங்கரைக்கு மரம் சொல்கிறீர்கள்!

வேம்புதான் வேண்டும் என்றால் நம் கிணற்றடி மேட்டில் ஒன்று நிற்கிறது. காகம் போட்ட விதை. யாரும் நடவில்லை, ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. முழங்கால் உயரம் வந்திருக்கிறது.

எனக்கு நிழல்வாகைதான் வேண்டும். அது தண்ணீர் நின்றாலும் தாங்கும். நாம் கல்யாணம் முடித்த புதிதில் மட்டக்களப்புக்குச் சைக்கிளில் போகும்போது, வழியில் ஒரு நிழல்வாகைக்குக் கீழே நிறுத்தி ஐஸ்பழம் வாங்கித் தந்தீர்கள். வெயில் அப்படி எரிந்தது, அந்த இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. உங்களுக்கு நாற்பத்தொன்பது, எனக்கு நாற்பத்தைந்து. பத்து வருடம் கழித்து நிழல் தருகிற மரத்துக்குக் கீழே யார் இருக்கப்போகிறார்கள்? ஐந்து வருடத்தில் நாம் இரண்டு பேரும் கதிரை போட்டு இருந்து தேநீர் குடிக்க வேண்டும்.

அதனால் மரத்தை விடுங்கள். நான் கேட்கிறதுக்குப் பதில் எழுதுங்கள். ஓகஸ்டில் வருவது லீவிலா, அல்லது ஒரேயடியாகவா? "பிறகு எழுதுகிறேன்" என்ற உங்கள் வரியை நான் தாண்டிப் போகவில்லை.

உங்கள் பதிலுக்காக விரல் மடக்கும்,
நஸீறா


டோஹா
02.03.2023

அன்புள்ள நஸீறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. ஆறு ஏறும் என்பதை நான் மறந்தே போனேன். சின்ன வயதில் அந்தத் தண்ணீரில் வாழைக்குற்றி கட்டி மிதந்தவன் நான். என்னை என்ன சொல்ல!

சரி, நிழல்வாகையே வை. ஆனால் நான் சொல்கிறபடி வை. வீட்டிலிருந்து முப்பத்தைந்து அடிக்குக் குறையக் கூடாது, அது படுக்கையாக விரிகிற மரம். இரண்டு அடிக் குழி வெட்டி, பழைய மாட்டெரு போட்டு, சுற்றி மண்ணை மேடாக அணை. கச்சான் காற்று ஆற்றுப் பக்கமிருந்து வருவதால் கன்றைத் தாங்குகிற கம்பை ஆற்றுப் பக்கமாகவே நடு. கயிற்றால் கட்டாதே, பட்டை அறுந்துபோகும். நான் உடுத்துப் பழசான சாறத்தைக் கிழித்து, கம்புக்கும் கன்றுக்கும் நடுவே எட்டுப் போட்டுக் கட்டு. கோடை முழுவதும் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். உச்சி இரண்டாகக் கவைத்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மரமான பிறகு அந்த இடத்தில்தான் பிளக்கும். ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னர் கொப்புக் கழிக்க வேண்டும். ஏணியில் ஏற ஒருவர், நம் மணலில் ஏணி புதையாமல் பிடிக்க இன்னொருவர். நிழல்வாகை ஆள் தேவைப்படும் மரம் நஸீறா. உனக்கு வேலை வைக்கக் கூடாது என்றுதான் வேம்பு வைக்கச் சொன்னேன்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும். டிசம்பரிலேயே கையெழுத்து வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு வருடம். புது ஒப்பந்தம் என்பதால் இந்த ஓகஸ்டில் லீவும் இல்லை. போனில் சொல்ல நாலு தரம் வாய் எடுத்தேன், நாலு தரமும் போன் யாரிடமோ கைமாறிவிட்டது. இது சாட்டு என்று நீ சொல்வாய். சாட்டுத்தான்.

மன்னித்துக்கொள்,
மஜீட்


காத்தான்குடி
30.04.2023

மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். நோன்பும் பெருநாளும் முடியட்டும் என்று இவ்வளவு நாளும் எழுதவில்லை. கோபத்தோடு எழுதினால் நோன்பு என்னத்துக்கு என்று இருந்தேன். பெருநாள் முடிந்துவிட்டது. கோபம் முடியவில்லை.

நிழல்வாகை வைத்தாயிற்று. முப்பத்தைந்து அடி, எரு, கம்பு எல்லாம் நானே செய்தேன். கட்டியது நீங்கள் போன தரம் விட்டுப்போன பச்சைச் சாறத்தைக் கிழித்து. கிழிக்கும்போது ஆறுதலாக இருந்தது.

எனக்கு வேலை வைக்கக் கூடாது என்று வேம்பு வைக்கச் சொன்னீர்களாம். யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத மரம், தன்பாட்டில் நிற்கும் மரம். அதை எழுதும்போது உங்களுக்கு ஒருவரும் நினைவுக்கு வரவில்லையா? பத்தொன்பது வருடம் நான்தான் இந்த வளவில் வேம்பு. மகள் வயதுக்கு வந்தபோது தனியே நின்றேன். உம்மா மௌத்தானபோது தனியே நின்றேன். தண்ணீர் ஏறிய ஒன்பது நாளும் தனியே நின்றேன். நஸீறா சமாளிப்பாள் என்று ஊரும் சொன்னது, நீங்களும் சொன்னீர்கள். எனக்குத் தண்ணீர் தேவையில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

நிழல்வாகையைப் பிடிவாதமாக வைத்தது அதற்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். ஏணியில் ஏற ஒருவர், பிடிக்க ஒருவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிடிக்கிற ஆள் இங்கே இருக்கிறாள்.

நஸீறா


டோஹா
21.05.2023

அன்புள்ள நஸீறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. எல்லாம் உண்மை. நான் ஏன் கையெழுத்து வைத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். ஜிப்ரியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

எனக்கு வீட்டுக்கு வரப் பயம்.

சிரிக்காதே. போன லீவில் வந்தபோது வாசல் கதவில் ஒரு ஆணி கழன்றிருந்தது. சுத்தியல் எங்கே என்று கேட்டேன். மூன்று பேர் எழும்பித் தேடினீர்கள், எனக்குத் தர அல்ல, அந்த ஆணியை நீங்களே அடித்துவிட. "மாமா, ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை, நீங்க இரிங்க" என்று மருமகன் இன்ஷாப் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். நல்ல பிள்ளை, மரியாதையில்தான் செய்தார். நான் முப்பத்தொரு நாள் அந்தக் கதிரையில் இருந்தேன். நீ எனக்குச் சோறு போட்டது பூப்போட்ட பீங்கானில். அது விருந்தாளி வந்தால் அலுமாரியில் இருந்து எடுப்பது. நீ உன் ஓரம் உடைந்த வெள்ளைப் பீங்கானில் சாப்பிட்டாய். எனக்கு அந்த வெள்ளைப் பீங்கான்மீது பொறாமையாக இருந்தது.

நம் ஊர் ஆம்பிளைகளுக்குப் பிறந்த வீடு கூடப்பிறந்த ராத்தாவுக்குப் போகும், வாழப் போகிற வீடு மனைவியுடையது, பிறகு அது மகளுடையது. வருடம் முழுவதும் வீட்டில் இருக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. வேலி கட்டுவான், சண்டை பிடிப்பான், அது அவன் வீடுதான். வருடத்துக்கு ஒரு மாதம் வருகிறவனுக்கு நன்றாகத் தெரியும். இங்கே ஆயிரம் மரம் நட்டிருக்கிறேன் நஸீறா, ஒவ்வொன்றும் எந்த நாளில் நட்டது என்று சொல்வேன். அங்கே உன் வளவில் சுத்தியல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் இன்னும் இரண்டு வருடம் என்று கையெழுத்துப் போட்டேன்.

கன்று எவ்வளவு உயரம்?

மஜீட்


காத்தான்குடி
10.07.2023

அன்புள்ள மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு அலுமாரியைத் திறந்து, பூப்போட்ட பீங்கான் ஆறையும் மகளிடம் கொடுத்துவிட்டேன். "என்ன உம்மா திடீரெண்டு?" என்றாள். "நம்மட வீட்டுக்கு இனி விருந்தாளி வாறல்ல" என்றேன்.

பிழை என்னிலும் இருக்கிறது. ஒரு மாதம்தானே இருக்கப்போகிறீர்கள், களைத்து வந்த மனிதரை ஏன் வேலை வாங்குவது என்று நினைத்தேன். கோபிக்கிற உரிமையைக்கூட அந்த ஒரு மாதம் மூட்டை கட்டி வைத்திருந்தேன். உங்களைக் கதிரையில் இருத்தியது நான்தான். அப்படியிருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்து வைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

இப்போது மரத்தின் செய்தி. கன்று என் நெஞ்சு உயரம் வந்திருந்தது. பின்னேரமானால் இலையை மூடிக்கொண்டு நித்திரை கொள்ளும். போன வெள்ளிக்கிழமை கச்சான் அடித்த அடியில் கம்பு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நான் நட்ட கம்பு ஆழம் போதவில்லை. கன்று முறியவில்லை, வேரோடு வீட்டுப் பக்கமாகச் சரிந்து கிடக்கிறது.

மருமகன் குழி தோண்டுகிற அலவாங்கோடு ஓடிவந்தார். "மாமி, ரெண்டு நிமிசத்துல நிமித்திறன்" என்றார். "வைங்க மகன். அதுக்கு ஆள் இரிக்கி" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். ஸஹீதாவும் கேட்டாள். அவளுக்கும் அதே பதில்தான். யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நானும் தொடமாட்டேன். தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன்.

சுத்தியல் சின்ன வீட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால், இடதுபக்க ஆணியில் தொங்குகிறது. அலவாங்கு கிணற்றடியில். இனித் தெரியாது என்று சொல்ல முடியாது.

நஸீறா


டோஹா
20.08.2023

அன்புள்ள நஸீறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் சிறியது, இங்கே வேலை கிடக்கிறது.

சரிந்த கன்றை நான்கு மாதத்துக்குமேல் அப்படியே விட்டால் தண்டு வளைந்து முற்றிவிடும், பிறகு நான் வந்தும் பலன் இல்லை. இதை உனக்குச் சொல்லி, நிமிர்த்து என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீ நிமிர்த்தமாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா?

முகாமையாளரிடம் போய் ஒப்பந்தத்தை முறித்துவிடும்படி கேட்டேன். காரணம் கேட்டார். ஊரில் ஒரு மரம் சரிந்துவிட்டது என்றேன். நான் பகிடி விடுவதாக நினைத்தார். என் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட்டு செப்டெம்பர் கடைசியில் போகலாம் என்றார். நான்காம் மாதம் முடிய முன்னர் வந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

வந்தால் என்னைக் கதிரையில் இருத்தாதே. கோபம் வந்தால் அன்றைக்கே பிடி.

மஜீட்


காத்தான்குடி
27.10.2024

அன்புள்ள நஸீறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். நீயும், உன் தங்கச்சி பர்ஸானாவின் முறிந்த காலும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன். இரண்டு கிழமை என்று சொல்லித்தான் ஓட்டமாவடிக்குப் போனாய். இன்றோடு இருபத்தைந்து நாள். போனில் கேட்டால், "வாறன், வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பர்ஸானாவிடம் கொடுக்கிறாய். அவள் தன் காலின் கதையை முதலிலிருந்து தொடங்குகிறாள். அதனால்தான் பழையபடி பேனாவை எடுத்தேன். மருமகன் கடைகளுக்குத் துணி கொடுக்க அந்தப் பக்கம் வருகிறார், அவர் கையில் வருகிறது இது.

ஓட்டமாவடி இப்போது எனக்கு வெளிநாடுதான். வெளிநாட்டில் இருக்கிற ஆளுக்குக் கடிதம் எழுதுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்று இப்போது விளங்குகிறது.

செய்திகள். குசினிக் குழாய் ஒழுகியது, பூட்டிவிட்டேன். மகள் சோற்றுக்கு மீன் ஆணம் கொண்டுவந்து தந்தாள். உன் வெள்ளைப் பீங்கானில்தான் சாப்பிடுகிறேன். அதன் உடைந்த ஓரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி நீ ஏன் அடுக்குகிறாய் என்று தெரிந்துவிட்டது, விரலைக் கிழித்துக்கொண்டேன். நீ போகுமுன் வேலி விஷயமாகப் போட்ட சண்டையில் நீ சொன்னதுதான் சரி. கம்பி போதவில்லை. ஸஹீதாவின் ஆடு வந்துவிட்டது.

மாரி தொடங்கிவிட்டது. போன வருடம் வந்து முதல் மழையைப் பார்த்தபோது நான் வெளியே போய் நனைந்து, நீ துவாயோடு நின்று ஏசினாய். இந்த வருடம் நானாகவே உள்ளே வந்தேன். ஏச ஆள் இல்லாமல் நனைவதில் ஒன்றும் இல்லை.

நிழல்வாகை பதினொரு அடி வந்துவிட்டது. முழங்கால் உயரத்தில் அந்த வளைவு அப்படியே இருக்கிறது. போன வருடம் வந்ததும் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தியும் அது முழுதாகப் போகவில்லை. போகவும் போகாது. அதற்கு மேலே நேராகத்தான் போகிறது. நிழல் இப்போதைக்கு ஒரு கதிரைக்குக் காணும். இரண்டாவது கதிரையைப் போட்டுப் பார்த்தேன், பாதி வெயிலில் நிற்கிறது. அந்தப் பாதியில் நான் இருப்பேன்.

உச்சி இரண்டாகக் கவைத்திருக்கிறது. வாடைக் காற்று பலக்க முன்னர் ஒன்றை எடுத்துவிட வேண்டும். ஏணியைச் சாத்தி ஒரு படி ஏறினேன், மணலில் ஒரு கால் புதைந்தது, இறங்கிவிட்டேன். மருமகன் ஓடிவந்து, "மாமா, நான் புடிக்கிறன், நீங்க ஏறுங்க" என்றார். "வைங்க மகன். அதுக்கு ஆள் இரிக்கி" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். பாவம், இந்த வளவில் அவருக்கு இது இரண்டாவது தரம்.

நேற்றுப் பின்னேரம் கிணற்றடிக்குப் போனேன். அந்த வேம்பு என் தோள் உயரத்துக்கு வந்திருக்கிறது. யாரும் கம்பு நடவில்லை, கட்டவில்லை, கழிக்கவில்லை. எத்தனை கச்சான் அடித்தும் நேராக நிற்கிறது. வானம் இருண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மழை இறங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் இங்கேயும் கொட்டும் என்று தெரியும். இருந்தாலும் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, அதன் அடியில் மெல்ல ஊற்றினேன். வேலிக்கு மேலால் ஸஹீதா எட்டிப் பார்த்து, "மழை வருகுது, என்ன மஜீட் நானா, வேம்புக்குப் போய் தண்ணி ஊத்துறீங்க? அதுக்கு ஆர் ஊத்துவாங்க?" என்று சிரித்தாள்.

"இத்தன வருசம் ஒருத்தரும் ஊத்தல்ல, அதுதான்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வாளி அள்ளினேன்.

ஏணியைச் சாத்தியபடியே வைத்திருக்கும்,
மஜீட்